பதினேழாம் நம்பர் பனிமலை

என் கணவர் வெளிநாட்டுக்காரர். சொந்த ஊர் பாபநாசத்திலிருந்து மினி பஸ்ஸில் பத்து நிமிடம்.

சிரிக்காதீர்கள், கனடா அரசாங்கத்தின் கோப்பில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே எட்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்து, கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து, அந்த நாட்டுக் குடிமகள் ஆனவள் நான். அதனால் நான் உள்நாடு. குடமுருட்டி ஆற்றில் நீச்சல் பழகி, ஐ.டி.ஐ. படித்து, நெல் அறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்த குமரவேல் வெளிநாடு. அந்த வெளிநாட்டுக் கணவருக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு, உள்நாட்டு மனைவியான நான் தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு விண்ணப்பம் போட்டேன். குடிமகளாக இருந்தால் அந்த நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டும் போடலாம். இருவரும் அங்கே போய்த்தான் வாழப்போகிறோம் என்று காட்டினால் போதும்.

அந்த விண்ணப்பத்தை நான் எவ்வளவு அழகாகச் சொதப்பினேன் என்று சொல்வதற்கு முன்னால் என் திமிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தெருவில் முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்தவள் நான். முதலில் விமானம் ஏறியவளும் நான்தான். அப்பா ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்ட அதே நிலத்தை இப்போது குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். அவருடைய மகளோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் இயந்திரம் கத்தும் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டிலுக்கு ஓட வேண்டும் என்று சொல்பவள். கல்யாணத்துக்காக நீண்ட விடுப்பில் வந்து, விண்ணப்பம் முடியும்வரை தஞ்சாவூரில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள், "ஏஜெண்டுகிட்ட குடுத்துடுங்க மேடம், ஒரு கட்டம் தப்பாப் போனாலும் சிக்கல்" என்றார்கள்.

"ஒரு ஃபார்ம் நிரப்பத் தெரியாமலா எட்டு வருஷம் அங்க இருந்தேன்" என்றேன். (இந்த வாக்கியத்தை அம்மா இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். மூக்கைத் தூக்கிக்கொள்வது உட்பட.)

படிவங்கள் உண்மையிலேயே கஷ்டமில்லை. வம்பு புகைப்படத்தில் வந்தது. பேப்பருக்காகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இல்லை, நிஜமான கணவன் மனைவிதான் என்று காட்டுவதற்கு, இருவரும் சேர்ந்திருக்கும் படங்களை எங்கே எடுத்தது என்ற குறிப்போடு அனுப்ப வேண்டும். நான் இருபது படம் அனுப்புவதென்று முடிவு செய்தேன்.

கல்யாணப் படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. அத்தனையிலும் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பேரைப் போல நின்றுகொண்டிருந்தோம். நடுவில் எப்போதும் ஒரு சித்தப்பா. சித்தப்பா இல்லாத படத்தில் ஒரு பித்தளைக் குடம். குமரவேலோ மண்டபத்துக்கு ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவர் மாதிரி மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடைக்கானல் போனோமே என்று அந்தப் படங்களைத் தேடினேன். மூன்று தேறின. மூன்றிலும் மூடுபனி, அதற்குள் இரண்டு குரங்குக் குல்லாய்கள். உள்ளே இருப்பது நாங்கள்தான் என்று எங்களாலேயே சத்தியம் செய்ய முடியாது.

அப்போதுதான் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. நான் பட்டுப்புடவையில், அவர் பட்டு வேட்டியில். பின்னால் பெரிய பனிமலை, ஒரு மரவீடு, சிவப்புப் பூச்செடிகள். எங்கள் பக்கம் கல்யாண ஆல்பம் என்றால் கடைசியில் இப்படி ஒரு வெளிநாட்டுப் பக்கம் இருக்கும். கம்ப்யூட்டரில் வைத்த மலை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். நல்லா இருங்க என்று சொல்கிற மாதிரிதான் அது. ஆனால் அந்தப் படத்தில் குமரவேலின் கை என் தோளில் இருந்தது. நானூறு படத்தில் அவர் என்னைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஒரே படம்.

எடுத்து வைத்தேன். கொடைக்கானல் படங்கள் பதினான்கு, பதினைந்து, பதினாறு. இது பதினேழு. நான்கையும் ஒரே வரிசையில் போட்டால் பக்கம் நிறைவாக இருந்தது. நான்குக்கும் சேர்த்துக் கீழே ஒரே குறிப்பாக ஆங்கிலத்தில் எழுதினேன்: 'கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சென்ற தேனிலவு.'

அதே நாள் இன்னொன்றும் நடந்தது. குமரவேல் தன் போனை நீட்டி, "இதையும் போடு மலரு" என்றார். அவர் போனைத் திறந்தாலே முகப்பில் வரும் படம். நாங்கள் முதன்முதலில் பார்த்துக்கொண்ட நாள் எடுத்தது. எங்கள் வயலில் அறுவடை இயந்திரம் சேற்றில் புதைந்து நிற்கிறது. அந்த வருடம் லீவில் வந்திருந்த நான், நைட்டியைத் தூக்கிச் செருகி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று, இயந்திரத்தை எப்படி ரிப்பேர் செய்ய வேண்டும் என்று மெக்கானிக்கான அவருக்கே விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் அப்பா, வெற்று மார்பும் தலையில் கட்டிய துண்டுமாக. அம்மா எடுத்த படம், ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல்.

"இதையா? ஆபீசர் என்ன நெனைப்பாங்க?" என்றேன்.

"நெஜம்னு நெனைப்பாங்க" என்றார்.

நான் போடவில்லை. அப்பா வயல் கோலத்தில் இருந்த எந்தப் படத்தையும் போடவில்லை. எட்டு வருடம் அங்கே எல்லோரிடமும் "எங்க அப்பா விவசாயி" என்று தலைநிமிர்ந்து சொன்னவள்தான். ஆனால் கோப்பில் அவர் சட்டையோடுதான் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றியது. எழுத இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

ஏழு மாதம் சத்தமே இல்லை. எட்டாவது மாதம், ஒரு காலையில், மாணவிகளுக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது மெயில் வந்தது. உங்கள் கணவர் இந்தியாவைவிட்டு வெளியே போனதே இல்லை என்று படிவத்தில் எழுதியிருக்கிறீர்கள். பதினேழாம் படத்தில், ஐரோப்பிய மலைப்பகுதியைப் போன்ற ஓரிடத்துக்குத் தேனிலவு போனதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டில் எது உண்மை என்று முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும். பொய்த் தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஐந்து வருடத்துக்கு அவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையில் ஊசியைக் குத்தியபடியே விட்டுவிட்டு வராண்டாவுக்கு வந்தேன். என் விடுப்பு முடிய நான்கு மாதம்தான் இருந்தது. அவர் இல்லாமல் நான் போக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். நான்கு படத்துக்கு நான்கு குறிப்பு எழுதச் சோம்பல்பட்டதற்கு ஐந்து வருடம்.

அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"மிஷினுக்கு அடியில."

"நாம சுவிட்சர்லாந்து போனோமான்னு கேட்டு லெட்டர் வந்திருக்குங்க."

ஸ்பேனர் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"போனோமா?" என்றார்.

விவரம் சொன்னேன். ஐந்து வருடம் என்றதும் ஸ்பேனர் சத்தம் நின்றது. என்னைத் திட்டியிருக்கலாம், நான் அவர் இடத்தில் இருந்தால் பட்டறைக் கூரை பறந்திருக்கும். "அழுவாத. சாயங்காலம் பாஸ்கர் அண்ணன் கடைக்குப் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்கர் அண்ணன்தான் எங்கள் கல்யாணத்துக்குப் படமெடுத்தவர். பாபநாசத்தில் ஸ்டூடியோ. கடிதத்தை நான் தமிழில் சொல்லச் சொல்ல, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த மலை சம்பந்தப்பட்ட எடத்த மட்டும் இன்னொரு வாட்டி சொல்லுங்க தங்கச்சி" என்றார். சொன்னேன்.

"வெளிநாட்டு ஆபீசரே நம்பிட்டாங்களா?"

"நம்புனதுதாண்ணே பிரச்சனை."

"மரவீட்டு நெழல் மாப்பிள்ளை தோள்ல விழுற மாதிரி பண்ணிருப்பேன். மூணு நாள் வேலை. இந்த ஊர்ல ஒருத்தர்கூட அதக் கவனிக்கல தங்கச்சி." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தின் பிரதி ஒன்று கிடைத்தால் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிடுவேன் என்றார்.

"அண்ணே, அது எங்க ரெண்டு பேரையும் பிரிக்கப்போற லெட்டர்" என்றார் குமரவேல்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாட்டித் தேட ஆரம்பித்தார். கடைசியில் அசல் படம் கிடைத்தது.

மண்டபத்தின் கொல்லைப்புறம். கை கழுவும் குழாய்கள், ஓரத்தில் சாப்பிட்ட இலைகளின் குவியல். நாங்கள் இருவரும் நிற்கிறோம். பின்னால் ஒரு பச்சைத் துணி. அதன் ஒரு முனை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறது. இன்னொரு முனையை, பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நின்று, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறார் என் அப்பா. புதுச் சட்டை அக்குளில் நனைந்திருக்கிறது. துணியின் ஓரமாகத் தலையை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஸ்டாண்டு ஒடஞ்சுபோச்சு. நான் புடிக்கிறேன்னு உங்கப்பாதான் ஏறுனாரு" என்றார் அண்ணன்.

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"முக்கா மணி நேரம் இருக்கும். நீங்க சிரிக்கவே இல்லியே தங்கச்சி."

மலையை வைப்பதற்காக அப்பாவை அழித்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று அவர் அங்கே நின்றதை நான் கவனிக்கவும் இல்லை.

அசல் படம் மட்டும் போதாது, மலையை வைத்தது நான்தான் என்று பாஸ்கர் அண்ணன் பிரமாணம் எழுதித் தர வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். தஞ்சாவூரில் ஒரு பத்திர எழுத்தரைப் பிடித்தோம். நாற்பது வருடமாக நிலப் பத்திரம் மட்டுமே எழுதியவர். படத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, "மலை யாருக்குப் பாத்தியம்?" என்று முதல் கேள்வி கேட்டார். யாருக்கும் சொந்தமில்லை என்றோம். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எழுதினார்:

'வடக்கே பனிமலை, கிழக்கே மரவீடு, மேற்கே சிவப்புப் பூச்செடிகள், தெற்கே கேமரா. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மணமக்கள் இருவர் மட்டுமே அசல். மேற்படி மலைக்கும் மேற்படி மணமக்களுக்கும் யாதொரு பாத்தியமோ அனுபவமோ போக்குவரத்தோ எக்காலத்திலும் கிடையாது.'

நோட்டரி முத்திரை போட்டு, இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அசல் படத்தோடும் என் மன்னிப்புக் கடிதத்தோடும் அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வீடியோ அழைப்பில் இருவரையும் விசாரிக்க வேண்டும்.

இங்கேதான் நான் மறுபடியும் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். என் போனில் பேசினால் மரியாதையாக இருக்காது என்று கல்லூரி லேப்டாப்பை இரவல் வாங்கி வந்தேன். தஞ்சாவூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, புதுத் திரைச்சீலை மாட்டி, காலண்டரைக் கழற்றி வைத்தேன். ஏதாவது சாட்சி தேவைப்படலாம் என்று அப்பா காலை பஸ்ஸிலேயே வந்து, தேய்த்த சட்டையோடு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ரேஷன் கார்டு.

"பின்னாடி மலை கிலை ஒண்ணும் வச்சுடாத" என்றார் குமரவேல்.

முறைத்துவிட்டு அழைப்பை எடுத்தேன். திரையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். வணக்கம் சொன்னோம். அவர் எங்கள் தலைக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்தார்.

"நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்றார் ஆங்கிலத்தில்.

"தஞ்சாவூரில், எங்கள் வீட்டில்" என்றேன், நேர்மையே உருவாக.

அப்போதுதான் திரையின் மூலையில் எங்கள் படத்தைப் பார்த்தேன். நீலக் கடல். வெள்ளை மணல். இரண்டு தென்னை மரங்கள். கல்லூரியில் யாரோ பாடம் நடத்தும்போது வைத்த பின்னணி, லேப்டாப்பில் அப்படியே இருந்திருக்கிறது.

தஞ்சாவூரில் கடல் இல்லை என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன். கடல் போய் ஒரு நூலகம் வந்தது. நூலகம் போய் விண்வெளி வந்தது. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். நிலைமையைக் காப்பாற்ற நினைத்த குமரவேல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சமையலறைக்கு நடந்தார். என் கணவரின் தலை விண்வெளியில் மிதந்துபோவதை அந்த அம்மையார் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐ.சி.யு.வில் ஒரே நேரத்தில் இரண்டு இதயம் நின்றபோதுகூட எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்குத் தெரியவில்லை.

குமரவேல் திரும்பி வந்து லேப்டாப்பை மேசையில் வைத்தார். "மேடம், டூ மினிட்ஸ். போன்ல வர்றோம்" என்று சொல்லி மூடிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மலரு, இனிமே நீ ஒண்ணும் அழகு பண்ணாத. இருக்கறத அப்படியே காட்டுவோம்."

என் போனில் மறுபடி அழைத்தோம். இந்த முறை எங்களுக்குப் பின்னால், கொடியில் காயும் துணிகளும், சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் ஆணியும் தெரிந்தன. அதிகாரி முகத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி.

அசல் படத்தை எடுத்துப் பார்த்தபடி கேட்டார். "இந்தத் துணியைப் பிடித்திருப்பவர் யார்?"

"என் அப்பா" என்றேன். "பக்கத்து அறையில் இருக்கிறார்."

"கூப்பிட முடியுமா?"

அப்பா வந்தார். ரேஷன் கார்டை நீட்டினார். அதை வாங்கி வைத்துவிட்டு, துணியை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்கிறார் என்று சொன்னேன். அப்பா கேமராவின் முன்னால் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நின்றார். "இப்படித்தாம்மா."

எவ்வளவு நேரம் என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். கை வலிக்கவில்லையா என்று கேட்டார்.

"நாத்துக்கட்டு தூக்குன கை இது. துணி என்னா கனம் கனக்கும்?" என்றார் அப்பா. கையை இன்னும் இறக்கவில்லை. மொழிபெயர்ப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்றுக்கட்டு என்றால் என்ன, அதை ஈரத்தோடு தலையில் வைத்தால் எப்படி இருக்கும், வரப்பில் எத்தனை தடவை நடக்க வேண்டும், இந்த மனிதர் அப்படி நடந்துதான் என்னைப் படிக்க வைத்தார் என்றெல்லாம் சொல்லவேண்டியிருந்தது. அப்பா சொன்னது ஒரு வரி, நான் பேசியது ஐந்து நிமிடம். படிவத்தில் எங்கும் இதற்குக் கட்டம் இல்லை.

அதிகாரி, அப்பா இனிமேல் கையை இறக்கலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் குமரவேல் தன் போனை எடுத்து, முகப்புப் படத்தைக் கேமராவுக்கு நேராக நீட்டிவிட்டார். நான் தடுப்பதற்குள் நைட்டி, துண்டு, சேறு, நீட்டிய விரல், அம்மாவின் கட்டைவிரல் எல்லாம் கனடா அரசாங்கத்தின் பார்வைக்குப் போய்விட்டன.

"திஸ் இஸ் ஃபர்ஸ்ட் டே, மேடம். மை மிஷின், ஹெர் ஆர்டர்" என்றார்.

அதிகாரி படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இது ஏன் அந்த இருபதில் இல்லை?" என்றார்.

"வெட்கப்பட்டேன்" என்றேன்.

"உங்கள் கோப்பை மூன்று முறை படித்தேன். இந்த வீட்டில் யார் யாரை விரட்டுகிறார் என்று இந்தப் படத்தில்தான் எனக்குத் தெரிகிறது. இதை அனுப்பிவையுங்கள்" என்று சொல்லி, அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

அனுப்பினேன். குறிப்பு எழுதும்போது இடம், நாள், யார் யார் எல்லாம் தனித்தனியாக எழுதினேன். கட்டைவிரல் என் அம்மாவுடையது என்பதையும் விடவில்லை. ஐந்து வாரத்தில் அனுமதி வந்தது. என் விடுப்பு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது இருவருமாக விமானம் ஏறினோம்.

இப்போது கோதுமை விளையும் ஒரு சிறு ஊரில் இருக்கிறோம். இங்கே அறுவடை இயந்திரம் எங்கள் ஊர் வீடு அளவுக்கு இருக்கும். சீசனில் அது நின்றுபோனால் சுற்றுவட்டாரத்தில் முதல் போன் குமரவேலுக்குத்தான் வருகிறது. அவர் பெயரைச் சொல்ல வராமல் 'கும்' என்று கூப்பிடுகிறார்கள். போன வருடம் ஒரு பெரியவர் என்னிடம், "உங்கள் கணவருக்கு இந்த வேலையை யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார். நான்தான், முதல் நாளே கற்றுக்கொடுத்துவிட்டேன் என்றேன். குமரவேல் மறுக்கவில்லை.

குடும்பத்தில் மட்டும் இன்னும் விடவில்லை. எங்கள் இரண்டு வீட்டிலும் பொய் என்ற சொல்லே இப்போது புழக்கத்தில் கிடையாது. 'பதினேழு' என்றுதான் சொல்கிறார்கள். கிளம்பிட்டேன் என்று குளியலறையிலிருந்து சொன்னால் பதினேழு. சாம்பார் பிரமாதம் என்று மருமகன் சொன்னால் பதினேழு. எங்கள் நாலு வயது மகளுக்கு ஒன்று, இரண்டு வரிசையாகச் சொல்ல வரும் முன்பே பதினேழு என்றால் என்ன என்று தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். முட்டி வலிக்கு டாக்டர் வயலில் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். கேட்கிறாரா என்று விசாரித்தேன்.

"நான் எங்க பாப்பா எறங்குறேன். ஆளுங்க நடுறாங்க. வரப்புல நின்னு பாக்குறதோட சரி."

சொல்லும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டார். முழங்கைவரை சேறு. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவருக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பதினேழு."